மலையகத்து டவுன் பாடசாலையின் தரத்தை உயர்த்துவது எப்படி: வாசிப்பிலிருந்து உயர்தரம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, நாவலப்பிட்டி, பண்டாரவளை, பதுளை என்று இலங்கை மலையகத்தின் எந்த டவுனை எடுத்தாலும், அங்குள்ள தமிழ்மொழிப் பாடசாலையில் இரண்டு வகைப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். ஒரு பகுதியினர் டவுனிலேயே வளர்ந்து, முன்பள்ளிக்குப் போய், தரம் 1இல் அதே பாடசாலையில் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் தோட்டத்துச் சின்னப் பாடசாலையில் தரம் 5 வரை படித்துவிட்டு, தரம் 6க்கு பஸ் ஏறி வருகிறவர்கள். இரு பகுதியினருக்கும் ஒரே பாடப்புத்தகம், ஒரே வேகம். யார் எங்கே தடுமாறினார் என்பது தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வரும்போதுதான் வெளியே தெரிகிறது. அப்போது ஐந்தாறு வருடம் போயிருக்கும்.

அந்த ஐந்தாறு வருடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இந்த வழிகாட்டி. அதிபர், ஆசிரியர், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்கள், பழைய மாணவர்கள், பெற்றோர் என்று யார் வேண்டுமானாலும் இதைக் கையில் எடுக்கலாம். அமைச்சின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டிய வேலை இதில் மிகக் குறைவு.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பின் முதல் மூன்று பிள்ளைகளை வைத்து ஒரு பாடசாலையை அளக்கக் கூடாது. அவர்கள் எங்கே இருந்தாலும் படித்துவிடுவார்கள். கடைசி வாங்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இந்தத் தவணையில் புதிதாக என்ன கற்றது? அதைத்தான் தரம் என்று நான் சொல்கிறேன். கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்யுங்கள். முதல் மூன்றையும் விட்டுவிட்டு மற்றதைச் செய்தால் செலவுதான் மிஞ்சும்.

முதல் படி: பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

முதலாம் தவணையின் முதல் இரண்டு வாரத்தை இதற்கு ஒதுக்குங்கள். தரம் 3 முதல் 7 வரை உள்ள எல்லாப் பிள்ளைகளையும், ஒவ்வொருவராக, தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். எழுத்துப் பரீட்சை இதற்கு உதவாது. அதில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதலாம், மனப்பாடம் செய்ததை எழுதலாம். சத்தமாக வாசிக்கும்போது உள்ளது உள்ளபடி தெரிந்துவிடும்.

ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு தாளில் பத்து எழுத்து, பத்துச் சின்னச் சொல், நாலு வரியில் ஒரு பந்தி, எட்டுப் பத்து வரியில் ஒரு குட்டிக் கதை என்று அச்சடித்துக்கொள்ளுங்கள். கதைக்கு மூன்று கேள்வி. அதில் ஒன்றாவது, விடை கதையில் நேராக இல்லாத 'ஏன்' கேள்வியாக இருக்கட்டும். எழுத்துகளைத் தெரிவுசெய்யும்போது பிள்ளைகள் வழக்கமாகக் குழம்பும் இடங்களைச் சேருங்கள்: கெ-கே, கொ-கோ, ல-ள-ழ, ர-ற, ன-ண-ந. சொற்கள் பிள்ளைக்குப் பழகியவையாக இருக்கட்டும்: மழை, பாலம், கொழுந்து, தம்பி, கடை.

பந்தியையும் கதையையும் பாடப்புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். இது முக்கியம். தரம் 3 புத்தகத்தின் பாடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளை, முன்பின் பார்க்காத நாலு வரியைக் கொடுத்தால் இரண்டாவது சொல்லிலேயே நின்றுவிடும். பல வருடமாக ஆசிரியரின் கண்ணுக்கும் பெற்றோரின் கண்ணுக்கும் தப்பிப்போவது இந்தப் பிள்ளைதான்.

கணக்குக்கும் இதேபோல ஒரு தாள்: இரண்டு இலக்க எண்களை அடையாளம் காண்பது, கடன் வாங்கிக் கழிப்பது, மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுப்பது. இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு 2005இலிருந்து ஏசர் என்ற பெயரில் வீடு வீடாகப் போய் நடத்தும் கணக்கெடுப்பு இவ்வளவு எளிமையான தாள்களை வைத்துத்தான் நடக்கிறது. தரத்தைப் பார்க்காமல் பிள்ளையின் மட்டத்தைப் பார்த்துக் குழு பிரித்துக் கற்பிக்கும் முறையையும் அதே அமைப்பு வளர்த்தது. அடுத்த படியில் நாம் செய்யப் போவதும் அதுதான்.

வாசிக்கவைக்கும் இடம் வகுப்பறையாக இருக்க வேண்டாம். விறாந்தையில் ஒரு மூலை, இரண்டு கதிரை. மற்றப் பிள்ளைகள் கேட்கும் தூரத்தில் ஒரு பிள்ளையைத் தடுமாறவைப்பது அநியாயம். ஆசிரியர்கள் போதவில்லை என்றால், தரம் 13 முடிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பழைய மாணவர்களைக் கூப்பிடுங்கள். ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் நன்றாகச் செய்வார்கள்.

முடிவில் வகுப்புக்கு ஒரு தாள் இருக்கும். எழுத்தே தடுமாறுகிறவர்கள், எழுத்து மட்டும் தெரிந்தவர்கள், சொல் வரை வந்தவர்கள், பந்தி வரை வந்தவர்கள், கதையைப் புரிந்து வாசிப்பவர்கள் என்று ஐந்து நிரல். இதைப் புள்ளியாக மாற்றி வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்; ஆசிரியர்களின் கையில் இருந்தால் போதும்.

இரண்டாம் படி: ஒவ்வொரு நாளும் ஒரு பாடவேளை வாசிப்புக்கு

ஆரம்பப் பிரிவில் தரம் 3, 4, 5க்கு ஒரே நேரத்தில், நாள்தோறும் 40 நிமிடம். தரம் 6, 7க்குத் தனியாக இன்னொரு 40 நிமிடம். தரம் 6 பிள்ளையைத் தரம் 3 பிள்ளையோடு உட்காரவைக்காதீர்கள். வெட்கப்பட்டு அடுத்த நாள் பாடசாலைக்கே வராது. அந்த 40 நிமிடத்துக்கு வகுப்புச் சுவர் இல்லை. பிள்ளைகள் தங்கள் குழுவுக்குப் போகிறார்கள். அதிபர், பிரதி அதிபர் உட்பட எல்லோரும் ஆளுக்கொரு குழு எடுக்க வேண்டும். அதிபர் ஒரு குழுவை எடுத்தால் அந்த நேரத்தில் யாரும் அவரைக் கந்தோருக்குக் கூப்பிட மாட்டார்கள். மற்ற ஆசிரியர்களுக்கும் இது விளையாட்டில்லை என்று புரியும்.

எழுத்துக் குழுவில் 247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பிக்கவைப்பதை நிறுத்துங்கள். க, ட, ப, ம, ல என்ற ஐந்தை எடுங்கள். புள்ளி, கால், இகரக் குறி, உகரக் குறி நாலையும் சேருங்கள். முதல் வாரத்திலேயே கடல், படம், பாடம், குடம், மாடு, பிடி, பால் என்று பிள்ளை தானாக வாசிக்கும். தன்னால் முடிகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்த பிறகு அடுத்த ஐந்து எழுத்து. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் கடைசியில் வரட்டும். எழுத்துக்கு முன்னால் எழுதிப் பின்னால் உச்சரிக்கும் அந்தக் குறிகளில்தான் பிள்ளைகள் அதிகம் வழுக்குகிறார்கள்.

சொல் குழுவுக்கு அட்டைகளும் மூன்று நான்கு சொல் வாக்கியங்களும். பந்திக் குழுவுக்குச் சத்தமாக வாசித்து, வாசித்ததைத் தன் பேச்சில் திருப்பிச் சொல்லும் பயிற்சி. இங்கே ஒரு வேண்டுகோள்: தோட்டத்துப் பிள்ளை வீட்டுப் பேச்சில் சொல்வதை இடையில் வெட்டித் திருத்தாதீர்கள். கதை புரிந்ததா என்று மட்டும் பாருங்கள். எழுத்துத் தமிழை எழுதும்போது திருத்திக்கொள்ளலாம். பேச வாயைத் திறந்ததும் திருத்தப்பட்ட பிள்ளை பிறகு வாயையே திறப்பதில்லை. கதைக் குழு மௌனமாக வாசித்து, ஒருவரையொருவர் கேள்வி கேட்டு, ஐந்து வரி எழுத வேண்டும்.

புத்தகம் எங்கே என்று கேட்பீர்கள். அநேகமான பாடசாலைகளில் புத்தகம் இருக்கிறது, அலுமாரிக்குள். தொலைந்தால் இருப்புப் பதிவேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் பூட்டிக்கிடக்கிறது. அன்பளிப்பாக வரும் மெல்லிய கதைப் புத்தகங்களையாவது வகுப்பறையில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். பத்துப் புத்தகம் கிழிந்தால் பத்துப் புத்தகம் வாசிக்கப்பட்டிருக்கிறது. ரூம் டு ரீட் நிறுவனம் இலங்கையில் தமிழிலும் சிறுவர் கதைகள் வெளியிட்டிருக்கிறது. ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்க் கதைகள் வாசிப்பு மட்டம் பிரித்து இலவசமாக இருக்கின்றன; இறக்கி அச்சடிக்கத் தடையில்லை. அவற்றில் இந்தியத் தமிழ்ச் சொற்கள் வரும். இரண்டு மூன்று சொல்லை ஆசிரியர் விளக்கிவிட்டால் சரி.

தவணை முடிவில் அதே மாதிரி வேறொரு தாளால் மீண்டும் வாசிக்கவைத்துப் பார்த்துக் குழுவை மாற்றுங்கள். ஒரு பிள்ளை ஒரே குழுவில் ஒரு வருடம் முழுக்க இருந்தால் பிழை பிள்ளையில் இல்லை. அந்தக் குழுவை நடத்தும் முறையை மாற்ற வேண்டும்.

மூன்றாம் படி: பாடவேளையைக் காப்பாற்றுங்கள்

பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது. நாளுக்கு எட்டுப் பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்றால் 320 நிமிடம். வருடத்துக்குச் சுமார் 200 நாள். ஒரு வகுப்பு ஒரு நாளில் ஒரே ஒரு பாடவேளையை இழந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 200 தடவை 40 நிமிடம், அதாவது 8,000 நிமிடம். அதை 320ஆல் வகுத்தால் 25. முழுதாக 25 பள்ளி நாட்கள், ஐந்து வாரம்.

எந்த டவுன் பாடசாலையிலும் ஒரு வகுப்பு ஒரு பாடவேளையை இழப்பது சர்வசாதாரணம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கான ஒத்திகை, பரிசளிப்பு விழா ஏற்பாடு, அதிதியை வரவேற்க பேண்ட் வாத்தியத்தோடு வெயிலில் நிற்பது, ஆசிரியர் வலயக் கல்விக் காரியாலயத்துக்குப் போனது, கண்டியிலிருந்தோ நாவலப்பிட்டியிலிருந்தோ வரும் ஆசிரியரின் பஸ் பிந்தியது, மழைக்கு வகுப்பறைத் தகரத்தின் சத்தத்தில் ஒன்றும் கேட்காதது. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். எல்லாம் சேர்ந்தால் ஐந்து வாரத்துக்கு மேல்.

செய்ய வேண்டியது இது. வகுப்புத் தலைவரிடம் ஒரு கொப்பி கொடுங்கள். ஒவ்வொரு பாடவேளைக்கும் பாடம் நடந்ததா இல்லையா என்று ஒரு குறி போட்டால் போதும், ஆசிரியரின் பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமை பிரதி அதிபர் கூட்டிப் பார்க்கட்டும். எந்தப் பாடம், எந்தக் கிழமை, எந்த நேரம் அதிகம் தவறுகிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். பிறகு நேரசூசியை மாற்றுங்கள். தூரத்திலிருந்து வரும் ஆசிரியருக்கு முதல் பாடவேளை கொடுக்காதீர்கள். கணிதம், விஞ்ஞானம், தமிழ் மூன்றையும் இடைவேளைக்கு முன் வையுங்கள். ஒத்திகை எல்லாம் கடைசி இரண்டு பாடவேளைக்குள் மட்டும்.

ஆசிரியர் வராத வகுப்புக்குப் போகும் பதில் ஆசிரியர் சும்மா காவல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு தரத்துக்கும் இருபது தாள் கொண்ட ஒரு பெட்டி காரியாலயத்தில் இருக்கட்டும்: ஒரு வாசிப்புப் பந்தி, அதற்குக் கேள்விகள், ஐந்து கணக்கு. எந்த ஆசிரியரும் எடுத்துக்கொண்டு போகலாம்.

மழையும் மண்சரிவும் நம் கணக்கில் எப்போதும் இருக்க வேண்டும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டதையும் பார்த்த பிறகு, பாடசாலை திடீரென மூடப்படும் என்பதை நினைத்தே திட்டம் போட வேண்டும். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வாரத்துக்கான வேலைத் தாள் கட்டு வீட்டில் இருக்கட்டும். வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்று சொல்வது போதாது. கொரோனா காலத்தில் சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்ற பிள்ளைகளை நாம் மறந்துவிடக் கூடாது. கட்டடத்துக்குப் பின்னால் மண்மேடு இருக்கும் பாடசாலை, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் ஆய்வு கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இதில் தாமதமே கூடாது.

நான்காம் படி: கணிதம்

மலையகத்தில் சாதாரண தரத்தில் பிள்ளைகளைக் கவிழ்க்கும் பாடம் எது என்று கேட்டால் எந்த அதிபரும் கணிதம் என்றுதான் சொல்வார். பத்தாம் தரத்தில் மேலதிக வகுப்பு வைத்து இதைச் சரிக்கட்டப் பார்க்கிறோம். ஆனால் ஓட்டை தரம் 4, 5இல் விழுந்தது: இடப்பெறுமானம், வகுத்தல், பின்னம். இந்த மூன்றும் தெரியாத பிள்ளைக்கு அட்சரகணிதம் வெறும் எழுத்துக் கூட்டம். அதனால் தரம் 6இன் முதல் தவணையில் பாடத்திட்டத்தை ஆறு வாரம் மெதுவாக்கி, இந்த மூன்றையும் கையால் தொடக்கூடிய பொருட்களோடு மீண்டும் கற்பியுங்கள். குச்சிக் கட்டு, மடித்த கடதாசி, கடைச் சில்லறை. ஆறு வாரம் பிந்துகிறதே என்று கவலை வேண்டாம். தரம் 7க்குள் அந்த இடைவெளியைப் பிடித்துவிடலாம்.

தரம் 10, 11இல் இருப்பவர்களுக்கு அவ்வளவு நேரமில்லை. அவர்களுக்கு வினாத்தாளின் அமைப்பைச் சொல்லிக்கொடுங்கள். முதலாம் வினாத்தாளின் அ பகுதியில் 25 சிறுவினா, தலா 2 புள்ளி, மொத்தம் 50. ஆ பகுதியில் 5 வினா, தலா 10. இரண்டாம் வினாத்தாளில் பத்து வினாவுக்கு விடை எழுத வேண்டும், அதற்கும் 100. இரண்டும் சேர்ந்த 200இல் 70 எடுத்தால் 35 வீதம், சாதாரண சித்தி. பலவீனமான பிள்ளைக்கு அந்த 25 சிறுவினாவே சித்திக்கான பாதி வழி. நாளுக்கு ஐந்து சிறுவினா என்று ஒரு வருடம் செய்தால் கை பழகிவிடும். தொடைகள், தரவுகளை வகைகுறித்தல், நிகழ்தகவு போன்ற பகுதிகளை முதலில் எடுங்கள். அடிப்படை குறைவாக உள்ள பிள்ளையும் அவற்றில் புள்ளி எடுக்கும்.

இன்னொன்று. பரீட்சைத் திணைக்களம் பாடவாரியாக மதிப்பீட்டு அறிக்கை வெளியிடுகிறது. எந்த வினாவில் நாடு முழுக்கப் பிள்ளைகள் எப்படி எழுதினார்கள், எங்கே பிழைவிட்டார்கள் என்று அதில் இருக்கும். ஒரு மாலையில் பாட ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து அதை வாசித்தால், காசு கொடுத்து வாங்கும் எந்த மாதிரி வினாத்தாளை விடவும் பயன் அதிகம்.

ஐந்தாம் படி: பிள்ளை வந்து சேர வேண்டும்

5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 14 ஆக இருந்த மேல் எல்லை 2016இல் உயர்த்தப்பட்டது. சட்டம் இருந்தாலும் பிள்ளை வராத நாட்கள் இருக்கின்றன. வரவு இடாப்பை மாதக் கடைசியில் கூட்டி வீதம் போடுவதோடு நிறுத்தாமல், எந்தப் பிள்ளை, எந்தத் தோட்டம், எந்தக் கிழமை என்று பாருங்கள். ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் ஒரே நாளில் வரவில்லை என்றால் அநேகமாக அது பஸ் பிரச்சினை. திருவிழா நாட்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அந்த வாரத்தில் புதுப்பாடம் தொடங்காதீர்கள். ஒரு பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக வராமல் போனால் வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரியுங்கள். அம்மா மத்திய கிழக்குக்கோ கொழும்பு வீட்டு வேலைக்கோ போய், பாட்டியோடு இருக்கும் பிள்ளையாக இருக்கலாம். மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு நாலாம் நாள் ஒரு போன் போக வேண்டும். அதட்டலாக இல்லாமல், "பிள்ளைக்குச் சுகமில்லையா?" என்று கேட்டு.

பஸ்ஸுக்கு வழி இருக்கிறது. மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணப் பருவச்சீட்டு டிப்போவில் கிடைக்கும். தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் சிசு செரிய என்ற மாணவர் பஸ் சேவையை உங்கள் பாதைக்குக் கேட்டு அதிபர் எழுதலாம். பிள்ளைகளின் எண்ணிக்கை, ஏறும் இடங்கள், நேரம் மூன்றையும் அட்டவணையாக இணைத்தால் கடிதத்துக்குப் பலம்.

சாப்பாடும் கண்ணும் படிப்போடு சேர்ந்தவை. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க 100க்கு சுமார் 17. தோட்டப் பகுதியில் சுமார் 32. அந்தப் பிள்ளைகள் இன்று நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். ஐந்து மணிக்கு எழுந்து வெறும் தேத்தண்ணியோடு வரும் பிள்ளை பத்து மணிக்கு மேசையில் தலை வைத்தால் அதைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆரம்பப் பிரிவுக்கு அரசின் உணவுத் திட்டம் இருக்கிறது. தரம் 6க்கு மேல் சங்கமும் பழைய மாணவர்களும் கடலை, பயறு, முட்டை என்று ஏதாவது ஒழுங்கு செய்ய வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும்போது, கண் பார்வை சந்தேகமான எல்லாப் பிள்ளைகளின் பெயரையும், எந்தத் தரமாக இருந்தாலும், எழுதிக் கொடுங்கள். கரும்பலகை தெரியாததால் மட்டும் பின்தங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆறாம் படி: ஆசிரியரைத் தனியாக விடாதீர்கள்

தமிழ்மொழி மூலக் கணித, விஞ்ஞான ஆசிரியர் தட்டுப்பாடு பழைய கதை. வெற்றிடப் பட்டியலை ஒவ்வொரு தவணையும் எழுத்தில் வலயத்துக்கும் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் அனுப்புங்கள். தேசிய பாடசாலையாக இருந்தால் மத்திய கல்வி அமைச்சுக்கு. கொட்டகலைக்குப் பக்கத்தில் பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. கல்வியியற் கல்லூரி மாணவர்கள் மூன்றாம் வருடம் பாடசாலைகளில் கட்டுறு பயிற்சி செய்கிறார்கள். அவர்களை உங்கள் பாடசாலைக்குக் கேட்டுப் பெறலாம். வந்தவர்களிடம் ஒரு முழு வகுப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், அனுபவமுள்ள ஒருவரோடு சேர்த்துவிடுங்கள்.

இருக்கும் ஆசிரியர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஒன்றே ஒன்று. வாரத்தில் ஒரு பாடவேளை, ஒரே பாடம் கற்பிக்கும் இருவர், ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்வாங்கில். பார்ப்பவர் ஆசிரியரைப் பார்க்காமல் மூன்று பிள்ளைகளை மட்டும் பார்க்க வேண்டும்: இந்த 40 நிமிடத்தில் அவர்கள் எத்தனை தடவை வாய் திறந்தார்கள், என்ன எழுதினார்கள். பிறகு பத்து நிமிடம் இருவரும் பேசட்டும். இதற்குப் படிவம் வேண்டாம், அதிபரிடம் அறிக்கை போகக் கூடாது. மேற்பார்வை என்ற பயம் வந்துவிட்டால் அன்றைக்கு மட்டும் அழகான பாடம் நடக்கும். ஆசிரிய ஆலோசகர் வரும் நாளிலும் பதிவேட்டைப் பார்க்கவிடாமல், நீங்கள் திணறும் ஒரு பாடத்தை நடத்திக் காட்டச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: பெற்றோரைத் தேடிப் போங்கள்

வார நாளில் பகல் இரண்டு மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்துவிட்டு, தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறையில்லை என்று சொல்வது நியாயமில்லை. கொழுந்து பறிக்கும் தாய்க்கு அது ஒரு நாள் பேர் (நாட்சம்பளம்) இழப்பு. ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். அதைவிட நல்லது, பிள்ளைகள் அதிகமாக வரும் தோட்டங்களுக்குத் தவணைக்கு ஒரு முறை இரண்டு ஆசிரியர்கள் போய், கோயில் மண்டபத்திலோ பிள்ளை மடுவத்திலோ (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) மாலையில் சந்திப்பது. கூட்டத்தில் புள்ளி வாசிக்காதீர்கள். அம்மாவோ அப்பாவோ எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் செய்யக்கூடியதைச் சொல்லுங்கள்: இரவில் பத்து நிமிடம் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, "என்னப்பா கதை?" என்று கேட்பது. அது போதும், நிஜமாகவே போதும்.

லயக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் சின்ன அறையில், ஐந்தாறு பேர் இருக்கும் வீட்டில் பிள்ளைக்குப் படிக்க இடமில்லை. மாலை ஆறு முதல் எட்டு வரை மண்டபத்தில் வெளிச்சம், பாய், ஒரு பெரிய அண்ணனோ அக்காவோ. இப்படி ஒரு படிப்பு நிலையத்தை நடத்த ஆகும் செலவு மிகக் குறைவு.

டியூஷன் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காகத் தரம் 3இலிருந்தே வகுப்புக்கு அனுப்புவது டவுனில் வழக்கமாகிவிட்டது. 200 புள்ளிப் பரீட்சை ஒன்றுக்காக மூன்று வருடம் விளையாட்டையும் கதைப் புத்தகத்தையும் பறிப்பது பிள்ளைக்குச் செய்யும் கெடுதல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாடசாலை அதற்கு உடந்தையாக இருக்கக் கூடாது. வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவர்களின் படத்தோடு வாசலில் பதாகை கட்டுவதை ஒரு வருடம் நிறுத்திப் பாருங்கள். ஒன்றும் குறைந்துபோகாது.

எட்டாம் படி: உயர்தரத்தில் எந்தப் பிரிவு

அரசு பாடசாலைகளைப் பிரித்திருக்கும் வகைகளில் 1சியைச் சேர்ந்த நம் டவுன் பாடசாலைகளில் உயர்தரத்தில் அநேகமாகக் கலையும் வர்த்தகமும்தான் உண்டு. விஞ்ஞானப் பிரிவு 1ஏபி வகையில் மட்டும். இதன் விளைவைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு தழுவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கியதாக அறிவிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கண்டியும் மாத்தளையும் இல்லை. ஆனால் கலைப் பாடநெறிக்கு நாடு தழுவிய திறமை வரிசைதான். மருத்துவம், பொறியியல், தொழில்நுட்பம் போன்றவற்றில்தான் மாவட்ட ஒதுக்கீடு நமக்குக் கைகொடுக்கும். கலை படிப்பதில் குறையில்லை. வேறு வழியில்லாமல் கலைக்குள் தள்ளப்படுவதுதான் குறை.

விஞ்ஞானப் பிரிவு இல்லாத பாடசாலை உடனே ஒன்றைத் தொடங்கப் போராடுவதைவிட, முதலில் தரம் 9 முதல் 11 வரை செய்முறை உண்மையில் நடக்கும்படி பார்க்க வேண்டும். ஆய்வுகூடம் பூட்டிக்கிடந்தால் திறவுங்கள். இல்லையென்றால் பாடப்புத்தகத்தின் செயற்பாடுகளில் பெரும்பகுதியைச் சமையலறைப் பொருட்களோடு செய்யலாம். ஒரே டவுனிலுள்ள பாடசாலைகள் சனிக்கிழமைகளில் ஓர் ஆய்வுகூடத்தைப் பகிரலாம். இரண்டு அதிபர்கள் பேசினால் ஆகும் வேலை. 2013இல் வந்த தொழில்நுட்பப் பிரிவும், 13 வருட உத்தரவாதக் கல்வியின் கீழ் வந்த தொழிற்கல்விப் பாடங்களும் எந்தப் பாடசாலைகளில் உண்டு என்று வலயத்தில் கேட்டுப் பட்டியல் எடுத்து, தரம் 11 பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முன்பே சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: பணமும் கோப்பும்

கற்பித்தல் பொருட்களுக்கு அரசு தரும் தர உள்ளீட்டு நிதி, வசதிகள் கட்டணம், சங்கப் பணம், பழைய மாணவர் உதவி என்று நாலு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் வருகிறது. பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து கேட்பது அநேகமாக "என்ன கட்டித் தரட்டும்?" என்றுதான். நுழைவாயில் வளைவு கேட்காதீர்கள். இரண்டு வருடத்துக்குப் பஸ் பருவச்சீட்டு, மூக்குக் கண்ணாடி, முந்நூறு கதைப் புத்தகம், போட்டோப் பிரதி இயந்திரத்துக்கு மை, மாலைப் படிப்பு நிலையத்துக்கு மின்கட்டணம் என்று பட்டியலாகக் கொடுங்கள். செலவுக் கணக்கை மாதாமாதம் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். அனுமதிக்கு அன்பளிப்பு என்ற பேச்சே இருக்கக் கூடாது. அது சுற்றறிக்கைக்கு முரண்.

பாடசாலையின் வருடாந்தத் திட்டத்தில் எழுதுவதற்கு மூன்று இலக்கு போதும்: தரம் 5 முடிவில் கதையைப் புரிந்து வாசிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், நடக்காமல் போன பாடவேளைகள் எத்தனை, தரம் 11இல் கணிதத்தில் சித்தியடைந்தவர்கள் எத்தனை பேர். மூன்றும் எண்ணக்கூடியவை. ஒவ்வொரு தவணை முடிவிலும் சங்கக் கூட்டத்தில் இவற்றை வாசிக்கலாம்.

கடைசியாக, இடமாற்றம். நல்ல அதிபர் ஒருவர் வந்து, எல்லாம் கொஞ்சம் பிடிபடும் நேரத்தில் மாறிப் போவதும், அவரோடு வேலையும் போவதும் நம் பாடசாலைகளில் அடிக்கடி நடக்கிறது. அதனால் வாசிப்புத் தாள்கள், குழுப் பட்டியல்கள், பாடவேளைக் கொப்பிகள், பஸ் கடிதங்களின் பிரதிகள், செலவுப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, அதன் பிரதி ஒன்றைச் சங்கச் செயலாளரிடமும் வையுங்கள். புதிய அதிபர் பொறுப்பேற்கும் முதல் வாரத்தில் சங்கத்தில் இருவர் அந்தக் கோப்போடு போய் அவரைச் சந்திக்க வேண்டும்.